வராத விருந்தாளியின் தட்டு

பண்டிகை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எது? கோயிலா, புத்தாடையா, பிரார்த்தனையா? உண்மையைச் சொல்வதானால் சாப்பாடுதான். இதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. தீபாவளி என்று சொன்ன மாத்திரத்தில் நாக்கில் லேகியத்தின் காரம் வந்து நிற்கிறது. பொங்கலுக்கோ பெயரே பண்டத்தின் பெயர். தெய்வத்தை நினைக்க வேண்டிய நாளில் தாயின் கைமணத்தையும் சேர்த்தே மனிதன் நினைக்கிறான். இரண்டும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

கிறிஸ்துமஸும் இதற்கு விலக்கல்ல. அந்த விருந்தின் பிரதானமான பண்டம் எது என்று நாடு நாடாகக் கேட்டுக்கொண்டு போனால் வேடிக்கையான பதில்கள் கிடைக்கும். இங்கிலாந்தில் வான்கோழி என்பார்கள். ஆனால் சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ல் எழுதிய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையில் ஏழைக் குமாஸ்தாவின் வீட்டில் வேகிறது வாத்து. மனம் திருந்திய கருமி கடைசியில் வாங்கி அனுப்புவதுதான் வான்கோழி. பிரான்ஸின் புரொவான்ஸ் பகுதியில் பண்டிகைக்கு 13 வகை இனிப்பு வைக்கவேண்டும் என்பார்கள். ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பண்டம்தான் உண்மையான கிறிஸ்துமஸ் பண்டம் என்று சத்தியம் செய்வார்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் ஒன்றே ஒன்று: "எங்கள் பாட்டி அப்படித்தான் செய்வாள்."

நான் சொல்ல வந்தது அந்தப் பாட்டிகளில் ஒருத்தியைப் பற்றி. அவள் வீட்டு மேசையில் இருந்த பண்டங்களைவிட, ஒன்றுமே பரிமாறாமல் வைத்திருந்த ஒரு தட்டைப் பற்றி.

2022 டிசம்பரில் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் இருந்தேன். இலக்கியக் கூட்டமொன்றில் பழக்கமான நண்பர், கல்லூரி ஆசிரியர், கிறிஸ்துமஸுக்கு முன்தினம் தம் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி அழைத்தார். "என் தாயாரின் உத்தரவு. மறுக்க முடியாது" என்றார். அந்த அம்மாளுக்கு இந்தியர் மேல் ஒரு வாஞ்சை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

போலந்துக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் தினத்தைவிட முன்தினமான 24-ஆம் தேதி மாலைதான் பெரிது. அதை 'விகீலியா' என்கிறார்கள். விழித்திருத்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். நமக்குச் சிவராத்திரி நினைவு வருகிறதல்லவா? அன்று மாமிசம் கிடையாது. மாலையில் வானத்தில் முதல் நட்சத்திரம் தெரியும்வரை விருந்துக்கு உட்காரக் கூடாது. நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கும் உத்தியோகம் வீட்டுக் குழந்தைகளுடையது. மாமிச விலக்கு 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தின்படி கட்டாயமில்லை. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் விடவில்லை. சட்டம் விட்டாலும் பாட்டி விடமாட்டாள் போலிருக்கிறது!

நான் போனபோது மணி நாலு. அந்தப் பருவத்தில் அந்த ஊரில் மூன்றே முக்கால் மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. நண்பரின் மகள், ஒன்பது வயதுச் சிறுமி, ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். வானத்தில் ஒரே மேகம். கடைசியில் எதிர்வீட்டு மாடியில் எரிந்த ஒரு விளக்கையே நட்சத்திரமாக ஒப்புக்கொள்வது என்று குடும்பத்தார் தீர்மானித்தார்கள். பசி வந்தால் சம்பிரதாயமும் சற்று வளைந்துகொடுக்கும்.

மேசை விரிப்பு வெள்ளை. அதன் அடியில் கொஞ்சம் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். குழந்தை ஏசு பிறந்த தொழுவத்தின் நினைவு அது. உட்காரும் முன் ஒரு சடங்கு. மாவும் தண்ணீரும் மட்டுமே சேர்த்துச் செய்த காகிதம் போன்ற மெல்லிய அப்பம் ஒன்றை ஆளுக்கு ஒன்று கையில் தருகிறார்கள். அவரவர் அடுத்தவரின் அப்பத்தில் ஒரு துண்டு ஒடித்து உண்டு, வரும் ஆண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்த வேண்டும்; சண்டை இருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். நண்பரும் அவர் தம்பியும் ஒருவர் அப்பத்தை ஒருவர் ஒடித்தபோது சற்று நேரம் பேசாமல் நின்றார்கள். ஏதோ ஒரு பழைய பிணக்கு அங்கே கரைவதாக எனக்குப் பட்டது. என்ன பிணக்கு என்று நான் கேட்கவில்லை.

பிறகு பண்டங்கள் வந்தன. பன்னிரண்டு வகை இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஏசுவின் பன்னிரு சீடர்களுக்காக என்கிறார்கள். பீட்ரூட்டைப் பல நாள் புளிக்க வைத்துச் செய்த சிவந்த ரசம். அதில் மிதக்கும், காளான் பூரணம் வைத்த குட்டிக் கொழுக்கட்டைகள். அவற்றின் பெயர் 'உஷ்கா'. சின்னக் காதுகள் என்று அர்த்தம். புளித்த முட்டைக்கோசும் காளானும் அடைத்து நம் சோமாசி வடிவத்தில் மடித்து வேகவைத்த 'பியெரோகி'. உப்பிட்ட ஹெர்ரிங் மீன். உலர்ந்த பழங்களைக் கொதிக்க வைத்த, புகைமணம் வீசும் பானகம். இறுதியில் முழுக் கோதுமை, கசகசா, தேன், கொட்டைகள் சேர்ந்த 'குத்தியா'. இது எல்லாப் போலந்து வீடுகளிலும் இருப்பதில்லை. கிழக்குப் பகுதிக்காரர்களின் பண்டம். பாட்டியின் குடும்பம் போருக்குப் பின் எல்லைகள் மாறியபோது கிழக்கிலிருந்து வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்த குடும்பம். வீட்டைத் தூக்கி வர முடியவில்லை, குத்தியாவைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நடுநாயகமாக வந்தது கெண்டை மீன். துண்டு போட்டு, மாவில் புரட்டி, வெண்ணெயில் பொரித்தது. "இதுதான் ஆதிகாலத்திலிருந்து எங்கள் பிரதானப் பண்டம்" என்றார் நண்பரின் தம்பி பெருமையோடு. நண்பர் சிரித்தார். மடாலயத்துக் குளங்களில் கெண்டை வளர்ப்பது பழைய காலத்து வழக்கந்தான். ஆனால் எல்லார் வீட்டு மேசைக்கும் அது வந்து சேர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு என்று அவர் விளக்கினார். மீன்பிடிக் கப்பல்கள் போரில் அழிந்துபோயின. குளத்துக் கெண்டை மலிவு, வளர்ப்பது எளிது. 1940-களின் கடைசியில் புதிய அரசாங்கம் அதை ஊக்குவித்தது. பின்னால் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பண்டிகைக்குக் கெண்டையைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். தெய்வத்தை ஒப்புக்கொள்ளாத ஓர் அரசாங்கம் தெய்வத்தின் பிறந்தநாள் விருந்துக்குப் பிரதானப் பண்டத்தை ஏற்பாடு செய்துகொடுத்தது! சரித்திரத்துக்கு இப்படிப்பட்ட நகைச்சுவைகள் நிறைய உண்டு.

அந்த நாளில் மீனை உயிரோடு வாங்கிவந்து இரண்டு மூன்று நாள் குளியல் தொட்டியில் நீந்தவிடுவார்களாம். நண்பர் சிறுவனாக இருந்தபோது அதற்குப் பெயர் வைத்து, ரொட்டித் துணுக்குப் போட்டு, சினேகம் பிடித்துக்கொண்டார். பண்டிகையன்று தொட்டி காலியாக இருந்ததைப் பார்த்து அழுத அழுகையில் ஒரு கவளம்கூட உண்ணவில்லை. வீட்டார் சிரித்தார்களாம். "குழந்தைதானே, மறந்துவிடும்" என்றார்களாம். உயிருள்ள கெண்டையைத் தண்ணீரின்றி வைத்து விற்பது பிராணி வதையாகலாம் என்று 2016-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. எத்தனையோ குழந்தைகள் எத்தனையோ ஆண்டுகளாக அழுத அழுகைக்கு அது தாமதமாக வந்த பதில் என்று நான் நினைக்கிறேன்.

நாங்கள் ஆறு பேர். மேசையில் தட்டுகள் ஏழு. ஏழாவது தட்டின் அருகே கத்தி, முள்கரண்டி, மடித்த துணி, ஒரு கண்ணாடித் தம்ளர், ஒரு துண்டு அப்பம். நாற்காலியில் யாருமில்லை.

"இன்னும் யார் வர வேண்டும்?" என்று கேட்டேன்.

"யாரோ" என்றார் நண்பர்.

விகீலியாவின் மிக அழகிய வழக்கம் இதுதான். எதிர்பாராமல் கதவைத் தட்டும் ஒரு விருந்தாளிக்காகப் பல வீடுகளில் ஓர் இடம் போடுகிறார்கள். அன்று எவரும் பசியோடும் தனிமையோடும் இருக்கக் கூடாதாம். சிலர் அதை இறந்துபோன உறவினருக்கான இடம் என்பார்கள். 1795 முதல் 1918 வரை போலந்து என்ற நாடே தேசப்படத்தில் இல்லை. அண்டை அரசுகள் மூன்று அதைப் பங்குபோட்டுக் கொண்டிருந்தன. 1863-ல் நடந்த கிளர்ச்சிக்குப் பின் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களை நினைத்தும் இந்தத் தட்டை வைத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்து ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். அந்த ஆண்டு பல வீடுகளில் காலி நாற்காலிக்கு ஒரு பெயரும் முகமும் இருந்தன. ஒரு காலத்தில் இதே கிராக்கோவின் பேராயராக இருந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், அந்தக் கிறிஸ்துமஸ் முன்னிரவில் வாட்டிகனில் தம் ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்.

எனக்கு நம் குறுந்தொகை நினைவு வந்தது. இரவில் வாயிற்கதவை அடைப்பதற்கு முன்னால், உள்ளே வர வேண்டியவர் எவரேனும் உண்டா என்று கேட்டுவிட்டு அடைக்கும் வழக்கம் அதில் ஒரு பாட்டில் வருகிறது. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. எத்தனையோ ஆயிரம் மைல் தூரம். மனித மனம் ஒன்று என்று எண்ணி நெகிழ்ந்துபோனேன்.

நான் நெகிழ்ந்துகொண்டிருந்தபோதே கதவு மணி அடித்தது.

நண்பர் எழுந்து போய்த் திறந்தார். கதவுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவன் நான். வெளியே ஒரு வாலிபன் நின்றான். தலைக்கவசத்திலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதுகில் பெரிய சதுரப் பை. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மேல் மாடிக்குப் போக வேண்டியவன் தவறாக எங்கள் வீட்டு மணியை அழுத்திவிட்டான். முகம் நம் பக்கத்து முகம். பஞ்சாபோ, வங்காளமோ, நேபாளமோ, எனக்குத் தெரியாது. நண்பர் அன்பாக வழி சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் நன்றி சொன்னான். திரும்புகிற சமயத்தில் என்னைப் பார்த்துவிட்டான். "மெர்ரி கிறிஸ்துமஸ், சார்!" என்றான். அந்த 'சார்' நம்முடையது. ஐரோப்பாவில் அப்படி யாரும் சொல்வதில்லை. நானும் வாழ்த்துச் சொன்னேன். கதவு சாத்தப்பட்டது.

நண்பர் வந்து உட்கார்ந்தார். ரசம் ஆறுவதற்குள் சாப்பிடும்படி எனக்கு உபசாரம் செய்தார். அப்போது சிறுமி தன் தந்தையிடம் ஏதோ கேட்டாள். மேசையில் பேச்சு நின்றுவிட்டது. நண்பர் நேர்மையானவர். அவள் கேட்டதை எனக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார்.

"அப்பா, அவரை ஏன் உள்ளே கூப்பிடவில்லை? தட்டு காலியாகத்தானே இருக்கிறது?"

சற்று யோசித்து நண்பர் பதில் சொன்னார்: "அவருக்கு வேலை இருக்கிறது, கண்ணே. நாம் நிறுத்தி வைத்தால் அவருக்குக் கூலி போய்விடும்."

இந்தப் பதில் உண்மை. அதுதான் இதில் உள்ள சங்கடம். பொய்யான சமாதானமாக இருந்தால் எளிதில் தள்ளிவிடலாம். சமாதானங்களில் மிகவும் அபாயமானவை உண்மையான சமாதானங்களே.

வாசகர்கள் அவசரப்பட்டு என் நண்பரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் கல்நெஞ்சக்காரரல்லர். அதே ஆண்டு பிப்ரவரியில் உக்ரேனில் போர் மூண்டு லட்சக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் போலந்துக்கு ஓடி வந்தார்களே, அப்போது முன்பின் அறியாத ஒரு தாயையும் மகனையும் நாலு மாதம் தம் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர் அவர். தம் படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்தவர். நாலு மாதம் இடம் கொடுத்த மனிதரால் நாலு நிமிஷம் இடம் கொடுக்க முடியாமல் போனது ஏன்? என்னை இன்றுவரை உறுத்தும் கேள்வி இதுதான்.

எனக்குத் தோன்றுகிற விடை இது. உக்ரேனியத் தாய் விருந்தாளியாக வந்தாள். கையில் மூட்டை, கண்ணில் நீர், இடுப்பில் குழந்தை. துயரத்துக்கு நாம் அறிந்த உருவம் அது. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். இந்த வாலிபனோ கூலிக்காரனாக வந்தான். கூலிக்காரனுக்குக் கொடுக்க வேண்டியது காசு. அதை நண்பர் கொடுத்தார், தாராளமாகவே கொடுத்தார். கொடுத்த கணத்தில் கணக்குத் தீர்ந்துவிட்டது. கடன் இல்லை, உறவும் இல்லை. காசுக்கு இப்படி ஒரு சக்தி உண்டு. சில சமயம் அது உதவி. சில சமயம் அது கதவு. எதிர்பாராத விருந்தாளி என்று சொல்கிறோமே, அவன் நாம் எதிர்பார்க்கும் உருவத்தில் வர வேண்டும் என்று உள்ளூர நிபந்தனை போட்டுவிடுகிறோம். பிறகு அவன் எப்படி எதிர்பாராதவன்?

நண்பரைப் பற்றி இவ்வளவு சொல்கிறேனே, நான் என்ன செய்தேன்? என் நாட்டுப் பக்கத்துப் பிள்ளை. வாயில் அவன் மொழி இல்லாவிட்டாலும் அந்த 'சார்' இருந்தது. "சற்று உட்கார்ந்து சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, தம்பி" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பிறர் வீட்டில் நான் எப்படி அழைப்பது என்று நினைத்தேன். இதுவும் உண்மையான சமாதானந்தான். குறுந்தொகையை நினைத்து நெகிழ்ந்து முழுதாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஊருக்குத் திரும்பினால் மதியச் சாப்பாட்டு வேளையில் என் வீட்டு வாசலிலும் இப்படி எத்தனை பேர் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்! ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்?

அப்படியானால் அந்தக் காலித் தட்டு வெறும் வேஷமா? அப்படிச் சொல்பவர்கள் உண்டு. 2021 இலையுதிர் காலத்தில் ஈராக், சிரியா, ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வந்த மக்கள் பெலாரஸ் எல்லைக் காடுகளில் அகப்பட்டுக்கொண்டார்கள். போலந்துக் காவலர் அவர்களை எல்லைக்கப்பால் திருப்பி அனுப்பினார்கள். குளிரில் சிலர் மாண்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸின்போது, காட்டில் ஆள் இருக்க மேசையில் தட்டு எதற்கு என்று அந்நாட்டவரே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே எல்லைக் கிராமங்களில் சிலர் தங்கள் ஜன்னலில் பச்சை விளக்கு ஏற்றி வைத்தார்கள். இங்கே வந்தால் ஆகாரமும் சூடும் கிடைக்கும், பயப்படாமல் வரலாம் என்பதற்கு அடையாளம். காலித் தட்டைப் பார்த்து வளர்ந்தவர்களில் சிலராவது அந்த விளக்கை ஏற்றியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பாட்டிக்கு இந்தியர்மேல் வாஞ்சை என்றேனே, அதன் காரணம் இதுதான். அவளுடைய பெரியப்பா மகள் சைபீரியப் பக்கம் கடத்தப்பட்டு, போர்க்காலத்தில் பாரசீகம் வழியாக இந்தியா வந்து சேர்ந்த போலந்துக் குழந்தைகளில் ஒருத்தி. 1942-ல் நவாநகர் மன்னர் திக்விஜய்சிங் ஜாம்நகர் அருகே பாலாசடியில் அக்குழந்தைகளுக்கு இடம் கொடுத்தார். 1943-ல் கோலாப்பூரை ஒட்டிய வலிவடேயில் எழுந்த முகாமில் ஏறக்குறைய 5,000 போலந்துக்காரர்கள் வாழ்ந்தார்கள். அக்காள் வளர்ந்தது வலிவடேயில். வார்சா நகரில் இன்று 'நல்ல மகாராஜா' பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. தாயும் தந்தையும் இழந்து வந்த அந்தக் குழந்தைகளுக்கு நம் நாட்டு மேசையில் ஒரு தட்டு காலியாக இருந்திருக்கிறது. 1942-ல் நம் மேசையில் நமக்கே போதுமான சோறு இல்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சடங்கு நம்மை நல்லவராக்கிவிடாது. நாம் நல்லவர் என்பதற்கு அது அத்தாட்சியும் ஆகாது. அது வீட்டில் வைத்திருக்கும் கடன் பத்திரம் போன்றது. கடனை அது தீர்ப்பதில்லை. ஆனால் கடன் இருக்கிறது என்பதை மறக்கவிடுவதில்லை. அந்த மேசையில் ஆறே தட்டுகள் இருந்திருந்தால் வாலிபன் வந்து போனதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஏழாவது தட்டு இருந்ததால்தான் ஒரு குழந்தைக்குக் கேள்வி பிறந்தது. வெட்கப்பட வைக்கும் சம்பிரதாயம் வேஷமல்ல. எப்போது அதைப் பார்த்து எவருக்கும் வெட்கம் வரவில்லையோ, அப்போதுதான் அது வேஷம்.

விருந்து முடிந்தது. நான் உதவிக்குச் சமையலறைக்குப் போனேன். பாட்டி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றத் தட்டுகளோடு அந்த ஏழாவது தட்டையும் எடுத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அதில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை.

"அதில்தான் யாரும் சாப்பிடவில்லையே, பாட்டி. ஏன் கழுவுகிறீர்கள்?" என்று நண்பர் மூலம் கேட்டேன்.

அவள் கையை நிறுத்தவில்லை. நண்பர் அவள் சொன்னதை மெல்லிய குரலில் மொழிபெயர்த்தார்.

"இன்று இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அழுக்கான தட்டு."